ஓட்டருக்கு ஜாதகம் கணிக்கும் புது ஜோசியம்

(வாசகசாலை ஆண்டுவிழாக் கூட்டத்தில் நாம் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், தேர்தல் காலங்களில் கட்சிக்காரர்கள் பேஸ்புக் முதலிய சமூக ஊடகங்களில் கிடைக்கும் தகவல்களை வைத்துக்கொண்டு ஓட்டர்களை எப்படித் தேடிப் பிடிக்கிறார்கள் என்பதாகும். இதைப்பற்றிப் பேச உமக்கு என்ன யோக்கியதை, நீர் கம்ப்யூட்டர் படிப்புப் படித்தவரா என்று யாராவது கேட்கலாம். நாம் அந்தப் படிப்புப் படித்தவரல்ல. ஆனால் ஓட்டு நம்முடையது. நம்முடைய பொருளை ஒருவன் எந்த வழியாக எடுத்துக்கொண்டு போகிறான் என்று தெரிந்துகொள்ளுவதற்குத் திருட்டு சாஸ்திரத்தில் பட்டம் வாங்கியிருக்க வேண்டிய அவசியமில்லை. ஆகவே நமக்குத் தெரிந்ததை உங்கள் முன் வைக்கிறோம். அது உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள்.

தோழர்களே! நமது கிராமங்களுக்குக் குறி சொல்லுகிறவன் வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களில் கெட்டிக்காரனாயிருப்பவன் தான் வருவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே தன் ஆளை அனுப்பிவிடுவான். அந்த ஆள் டீக்கடையிலும் குளத்தங்கரையிலும் உட்கார்ந்து, எந்த வீட்டில் பெண்ணுக்குக் கல்யாணம் தட்டிப்போகிறது, எந்த வீட்டில் பங்காளிச் சண்டை, எவன் பிள்ளை பரீட்சையில் தவறிவிட்டான் என்பதையெல்லாம் விசாரித்துக் கொண்டுபோய்ச் சொல்லுவான். பிறகு குறிகாரன் வந்து, "அம்மா, உன் மனத்தில் ஒரு கவலை இருக்கிறது, அது பெண்பிள்ளையைப் பற்றியது" என்பான். அந்த அம்மாள் திகைத்துப்போய், இவன் சொல்லுவதெல்லாம் பலிக்கும் என்று நம்பி, மடியிலிருந்ததை அவிழ்த்துக் கொடுத்துவிடுவாள். இதில் தெய்வீகம் ஏதாவது இருக்கிறதா? முன்கூட்டி விசாரித்த விசாரணைதான் இருக்கிறது.

இன்று தேர்தலில் நடப்பதும் இதுதான். ஒரே ஒரு வித்தியாசம். அந்தக் காலத்து ஆள் குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்தான். இந்தக் காலத்து ஆள் நம் சட்டைப்பையிலேயே உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு நாமே மாதாமாதம் பணம் கட்டிச் சார்ஜும் ஏற்றி வைக்கிறோம்.

வறுவலும் அறிவும்

இது வெறும் ஜோடனையென்று நினைக்காதீர்கள். 2013-ம் வருஷத்தில் கோசின்ஸ்கி, ஸ்டில்வெல், கிரேப்பல் என்கிற மூன்று ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 58,000-க்கு மேற்பட்டவர்கள் மனமுவந்து கொடுத்த பேஸ்புக் விவரங்களை அவர்கள் பரிசோதித்தார்கள். எதையாவது பார்த்துப் பிடித்திருந்தால் கட்டைவிரல் அடையாளத்தைத் தட்டுகிறோமே, அந்த "லைக்" ஒன்றைத் தவிர வேறு எதையும் அவர்கள் பார்க்கவில்லை. அதைக் கொண்டே, அமெரிக்காவில் ஒரு டெமாக்ரட் கட்சிக்காரரையும் ஒரு ரிபப்ளிகன் கட்சிக்காரரையும் ஜோடியாக நிறுத்தினால் இன்னார் இன்ன கட்சி என்று 100-க்கு 85 தடவை சரியாகச் சொல்ல முடிந்தது. கறுப்பரா வெள்ளையரா என்பதை 100-க்கு 95 தடவை சொல்ல முடிந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சுருள் சுருளான உருளைக்கிழங்கு வறுவல் பிடிக்கும் என்று தட்டியவர்கள் புத்திக்கூர்மையுள்ளவர்களாயிருப்பது அந்தக் கணக்கில் தெரிந்தது. வறுவலுக்கும் புத்திக்கும் என்ன சம்பந்தம்? யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு காரணம் கேட்பதில்லை. எது எதோடு சேர்ந்து வருகிறது என்பதை மாத்திரம் பார்க்கிறது. ஆகையால் "நான் அரசியலைப் பற்றி ஒன்றுமே எழுதுவதில்லையே, என்னைப்பற்றி அவனுக்கு என்ன தெரியும்?" என்று கேட்பது பயனில்லை. நீங்கள் எழுதிய சமையல் விஷயமும் பாட்டு விஷயமுமே போதும்.

2015-ல் இதே ஆராய்ச்சியைச் சேர்ந்தவர்கள் இன்னொரு சோதனையும் செய்தார்கள். ஒருவருடைய சுபாவத்தைக் கணிப்பதில் 10 லைக்குகள் கிடைத்தால் கூட வேலை செய்கிறவரையும், 70 கிடைத்தால் சிநேகிதரையும், 150 கிடைத்தால் குடும்பத்தாரையும், 300 கிடைத்தால் கட்டிய மனைவியையோ புருஷனையோகூட அந்தக் கணக்கு மிஞ்சிவிடுகிறது என்று கண்டார்கள். வீட்டிலுள்ளவர்களைவிட அதிகமாக நம்மை அறிந்த ஒருவன், நம் ஓட்டின் மேல் ஆசை வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி.

335 பேர் எப்படி 5 லட்சம் பேரானார்கள்?

அப்படி ஆசை வைத்த ஒரு கம்பெனியின் கதையைச் சொல்லுகிறோம். அதன் பெயர் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா. பெயரில் கேம்பிரிட்ஜ் இருந்ததே தவிர, அது அந்தச் சர்வகலாசாலைக்குச் சொந்தமானதல்ல. அமெரிக்கப் பணக்காரர் ராபர்ட் மெர்சர் என்பவர் முதல் போட்டார். ஸ்டீவ் பானன் என்பவர் அதில் ஒரு தலைமை உத்தியோகத்தில் இருந்தார். இவரே பிறகு 2016-ல் டிரம்ப் அவர்களின் தேர்தல் வேலைக்கும் தலைவரானார்.

2014-ல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் வேலையிலிருந்த அலெக்ஸாண்டர் கோகன் என்பவர் பேஸ்புக்கில் ஒரு கேள்விப் பட்டியலை வைத்தார். நீங்கள் கூச்சமுள்ளவரா, சீக்கிரம் பயப்படுவீர்களா, புதியவைகளில் விருப்பமுண்டா என்பது போன்ற கேள்விகள். பதில் சொன்னவர்களுக்குச் சொற்பக் கூலியும் கிடைத்தது. சுமார் 3 லட்சம் பேர் பதில் சொன்னார்கள். ஆனால் அந்தக் காலத்தில் பேஸ்புக்கில் ஒரு ஓட்டையிருந்தது. ஒருவன் சம்மதித்தால் அவனுடைய விவரம் மாத்திரமல்லாமல், அவன் சிநேகிதர்கள் எல்லோருடைய விவரத்தையும், அவர்களைக் கேளாமலே எடுத்துக்கொள்ளலாம். ஆகவே 3 லட்சம் பேரைக் கொண்டு 8 கோடியே 70 லட்சம் பேர்வரை விவரம் போயிருக்கலாம் என்று பேஸ்புக் கம்பெனியாரே 2018 ஏப்ரலில் ஒப்புக்கொண்டார்கள். இதில் நம் இந்தியாவும் தப்பவில்லை. அந்தக் கேள்விப் பட்டியலைத் திறந்தவர்கள் இந்தியாவில் 335 பேர். விவரம் போயிருக்கக்கூடியவர்கள் 5,62,455 பேர் என்று அதே கம்பெனியார் கணக்குச் சொன்னார்கள்.

தோழர்களே! ஒருவன் தன் வீட்டுச் சாவியை இன்னொருவனிடம் கொடுத்தால் அது அவன் இஷ்டம். ஒருவன் கொடுத்த சாவியில் தெருவிலுள்ள வீடுகளெல்லாம் திறந்துகொண்டால் அதற்குச் சம்மதம் என்று பெயர் சொல்ல முடியுமா?

அந்த விவரங்கள் இந்தக் கம்பெனியின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 2015 டிசம்பரில் லண்டன் கார்டியன் பத்திரிகை இதை வெளியிட்டபோது, அழித்துவிட்டோம் என்று எழுதிக்கொடுங்கள் என்று கேட்டு, எழுதிக்கொடுத்ததை நம்பிக்கொண்டு பேஸ்புக்கார் சும்மாயிருந்துவிட்டார்கள். 2018 மார்ச்சில் அதில் வேலை பார்த்த கிறிஸ்டோபர் வைலி என்பவர் வெளியே வந்து சொன்ன பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. அதே வருஷம் மே மாதத்தில் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா கடையைக் கட்டிவிட்டது. 2019-ல் அமெரிக்க சர்க்காரின் வர்த்தகக் கமிஷன் பேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம் போட்டது.

ஆளுக்கொரு பேச்சு

நிற்க. விவரம் கிடைத்தால் அதைவைத்து என்ன செய்வார்கள்? அமெரிக்காவில் ஓட்டர் ஜாபிதாவைக் கட்சிகள் வாங்கிக்கொள்ளலாம். யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பது அதில் இராது. எந்தெந்தத் தேர்தலில் போட்டார் என்பது இருக்கும். அதோடு வியாபாரிகளிடம் விலைக்குக் கிடைக்கும் விவரங்களைச் சேர்ப்பார்கள். பிறகு அந்த ஜாபிதாவை ஊடகக் கம்பெனியிடம் கொடுத்து, "இவர்களுக்கு மாத்திரம் இந்த விளம்பரத்தைக் காட்டு" என்று சொல்லலாம். "இவர்களைப் போன்ற சுபாவமுள்ள இன்னும் பத்து லட்சம் பேரைக் கண்டுபிடித்து அவர்களுக்கும் காட்டு" என்றும் சொல்லலாம். அந்த வேலையை யந்திரமே செய்துவிடும்.

மேற்படி கம்பெனியின் தலைவராயிருந்த அலெக்ஸாண்டர் நிக்ஸ் என்பவர் 2016-ல் நியூயார்க்கில் ஒரு சபையில் தன் சரக்கைப் பற்றித் தானே பெருமையாகப் பேசினார். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமைக்கு ஆதரவு தேட வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். பயந்த சுபாவமுள்ளவனுக்கு, திருடன் ஜன்னலை உடைக்கும் படத்தைக் காட்டவேண்டுமாம். பழைய வழக்கத்தில் பற்றுள்ளவனுக்கு, சூரியன் சாயும் வேளையில் தகப்பனும் பிள்ளையும் வயல்வெளியில் பறவை சுடப் போகும் படத்தைக் காட்டவேண்டுமாம். சங்கதி ஒன்றே. ஒருவனுடைய பயத்தைத் தட்டி எழுப்பி அதே சங்கதியை விற்கிறார்கள். இன்னொருவனுக்கு அதையே அவன் பாசத்தைத் தட்டி விற்கிறார்கள். இரண்டு பேருடைய அறிவையும் யாரும் தட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2016 ஜூனில் ஐரோப்பிய யூனியனை விட்டு விலகுவதா என்று இங்கிலாந்தில் ஓட்டெடுத்தபோதும் இது நடந்தது. விலகவேண்டும் என்ற கட்சியார் பேஸ்புக்கில் சிலருக்குத் துருக்கியின் 7 கோடியே 60 லட்சம் பேரைக் காட்டிப் பயமுறுத்தினார்கள். மிருகங்களிடம் இரக்கமுள்ளவர்களுக்குப் பனிக்கரடியையும் ஸ்பெயின் தேசத்துக் காளைச் சண்டையையும் காட்டினார்கள். இன்னும் சிலருக்கு உங்கள் டீக்குடிக்கு ஆபத்து என்றார்கள். கரடியைப் பார்த்தவருக்குத் துருக்கி தெரியாது. துருக்கியைப் பார்த்தவருக்கு டீக்கெட்டில் தெரியாது. இந்த விளம்பரங்களை ஊரார் எல்லோரும் ஒன்றாகப் பார்த்தது எப்போது தெரியுமா? பார்லிமெண்டு கமிட்டி கேட்டு வாங்கி 2018 ஜூலையில் வெளியிட்டபோது. அதாவது ஓட்டெல்லாம் எண்ணி முடித்து இரண்டு வருஷம் ஆனபிறகு.

வீட்டில் இரு என்ற உபதேசம்

இதையெல்லாம்விட நம் மனத்தை அதிகமாக வருத்துவது வேறொன்று. அமெரிக்காவில் கறுப்பு மக்களுக்கு ஓட்டுரிமை காகிதத்தில் வெகுகாலமாக இருந்தும், தென் மாகாணங்களில் படிப்புப் பரீட்சை என்றும் தலைவரி என்றும் சொல்லி அவர்களைச் சாவடிப் பக்கம் வரவொட்டாமல் செய்துவந்தார்கள். 1965 மார்ச்சில் செல்மா என்ற ஊரில் ஓட்டுரிமை கேட்டு நடந்து போனவர்களைப் போலீசார் தடியால் அடித்து விரட்டினார்கள். அந்த இரத்தத்தின் பேரில்தான் அதே வருஷம் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது.

51 வருஷம் கழித்து நடந்ததைக் கேளுங்கள். 2016 அக்டோபரில், தேர்தலுக்குச் சில நாள் முன்னதாக, டிரம்ப் கட்சி உத்தியோகஸ்தர் ஒருவர் புளூம்பெர்க் பத்திரிகைக்காரரிடம், எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடக்கூடிய மூன்று கூட்டத்தாரை ஓட்டுப் போடாமல் இருக்கச் செய்யும் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று சொன்னதாக அப்பத்திரிகை எழுதிற்று. அந்த மூன்றில் ஒன்று கறுப்பு மக்கள். ஹில்லாரி கிளிண்டன் அவர்கள் 1996-ல் குற்றம் செய்யும் இளைஞர்களைப் பற்றிப் பேசிய கடுஞ்சொல்லை எடுத்து, பேஸ்புக்கில் அவர்களுக்கு மாத்திரம் தெரியும்படியாகக் காட்ட ஏற்பாடாயிற்று. 2020-ல் இங்கிலாந்தின் சானல் 4 செய்தி நிலையத்தார், அந்தக் கட்சி வைத்திருந்த சுமார் 20 கோடி ஓட்டர்களின் விவரத் தொகுப்பு தங்களுக்குக் கிடைத்ததாகச் சொல்லி வெளியிட்டார்கள். அதில் 35 லட்சம் கறுப்பர்கள் "தடுத்து நிறுத்த வேண்டியவர்கள்" என்று பொருள்படும் தலைப்பின் கீழ்ப் பிரித்து வைக்கப்பட்டிருந்தார்கள் என்றார்கள். கட்சியார் அதை மறுத்தார்கள்.

2012-ல் ஓட்டுப் போட்ட கறுப்பர்கள் 100-க்கு 66 பேருக்கு மேல். 2016-ல் 100-க்கு 60 பேருக்குள். இதற்கு விளம்பரம்தான் காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். முன் இரண்டு தடவையும் ஒபாமா நின்றார், இந்தத் தடவை நிற்கவில்லை. இன்னும் பல காரணங்கள் உண்டு. ஆனால் மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா என்ற மூன்று மாகாணங்களில் மொத்தம் 80,000-க்கும் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் ஒரு தேசத்தின் பிரசிடெண்டு பதவி தீர்மானமாயிற்று. அப்படிப்பட்ட தேர்தலில், "உனக்கு யாரும் யோக்கியர் இல்லை, வீட்டிலேயே இரு" என்று காதில் ஓதுவது எவ்வளவு பெரிய வியாபாரம் என்று யோசித்துப் பாருங்கள். தடியை எடுத்தவனை எதிர்த்து ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். காதில் ஓதுகிறவனை எதிர்த்து எந்தத் தெருவில் ஊர்வலம் போவது?

புதுப் பூதம் வேண்டாம்

தோழர்களே! இதுவரை சொன்னதைக் கேட்டு, ஐயோ, கம்ப்யூட்டர் நம் மனத்தை வசியம் செய்துவிடும் என்று யாராவது பயந்தால், நாம் பேசியது வீண். பழைய பூதத்தை ஓட்டிவிட்டுப் புதுப் பூதத்தைக் கொண்டுவந்து வைப்பது பகுத்தறிவாகாது. குறிகாரன் ஊரை விசாரிக்கிறான் என்பது நிஜம்; அவன் குறி பலிக்கும் என்பது பொய்.

இந்தக் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா டிரம்புக்கு முன்னால் யாருக்கு வேலை செய்தது? அதே கட்சியில் அவருக்குப் போட்டியாக நின்ற டெட் குரூஸ் என்பவருக்கு. அவர் தோற்றுப்போனார். ஜெயித்தவரைக் காட்டி விளம்பரம் செய்கிற ஜோசியர், தோற்றவரைப் பற்றி வாய் திறப்பதில்லையல்லவா? 2018-ல் கல்லா, புரூக்மன் என்ற இரு ஆராய்ச்சிக்காரர்கள் 49 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து, பொதுத்தேர்தலில் கட்சிப் பிரசாரமும் விளம்பரமும் ஒருவர் யாருக்கு ஓட்டுப் போடுவது என்பதை மாற்றுவது சராசரியில் பூஜ்யந்தான் என்றார்கள். 2020-ல் இங்கிலாந்தின் தகவல் கமிஷனரும், அந்தக் கம்பெனி உபயோகித்தவை பெரும்பாலும் எல்லோருக்கும் கிடைக்கக்கூடிய சாதாரண முறைகளே என்று முடிவு சொன்னார்.

அப்படியானால் இதில் ஆபத்து என்ன என்று கேட்பீர்கள். சிலர், "எல்லாக் கட்சியும் இதைச் செய்கிறதே" என்றும் கேட்கிறார்கள். வாஸ்தவம். 2012-ல் ஒபாமா கட்சியாரும் ஆதரவாளர்களின் பேஸ்புக் சிநேகிதர் ஜாபிதாவை வாங்கி, 6 லட்சத்துக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு 50 லட்சத்துக்கு மேற்பட்ட சிநேகிதர்களுக்குச் செய்தி அனுப்பச் செய்தார்கள். யார் பேரில் என்பது வெளியே தெரியும்படி செய்தார்கள் என்பதற்காக அதைக் குற்றமில்லை என்று நாம் விட்டுவிடவில்லை. அந்தச் சிநேகிதர்களையும் யாரும் கேட்கவில்லை. எல்லோரும் செய்கிறார்கள் என்பது ஒரு காரியத்தைச் சரியாக்கிவிடாது. அப்படியானால் நாம் எந்தப் பழைய வழக்கத்தையும் கண்டித்திருக்க முடியாது.

ஆபத்து இதுதான். ஒரு அபேட்சகர் இந்த மேடையில் ஏறி ஒரு பொய் சொன்னால், கூட்டத்தில் ஒருவராவது எழுந்து "அது பொய்" என்று சொல்ல முடியும். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர் பதில் சொல்லுவார்; பத்திரிகை எழுதும். குடியானவனிடம் ஒன்றும் மில்காரனிடம் ஒன்றும் சொன்னால், இரண்டு பேரும் சந்தையில் சந்தித்துப் பேசும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். பொதுக்கூட்டம் என்பதன் பெருமையே இதுதான். தனித்தனியாகக் காதில் சொன்னால் மறுத்துப் பேச ஆள் இல்லை. சொன்னவனுக்கு வெட்கமும் இல்லை. உங்களை ஏமாற்றிவிட முடியும் என்பதல்ல இதிலுள்ள தீமை. உங்களோடு நேர்மையாக வாதாடி ஜெயிக்க வேண்டிய கடமையிலிருந்து அவன் தப்பித்துக்கொள்ளுகிறான் என்பதுதான். உங்களை அறிவுள்ள மனிதனாக மதித்து அவன் பேசவில்லை. எந்த இடத்தில் சொறிந்தால் தலையாட்டுவான் என்று மாட்டைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். சுயமரியாதையுள்ள எந்த மனிதனும் இதைப் பொறுக்கக்கூடாது.

சட்டங்கள் கொஞ்சம் வந்திருக்கின்றன. 2018 முதல் பேஸ்புக்கார் அமெரிக்காவில் அரசியல் விளம்பரங்களை யாரும் பார்க்கும்படி ஒரு தொகுப்பில் வைக்கத் தொடங்கினார்கள். ஐரோப்பிய யூனியனில், அரசியல் விளம்பரத்துக்கு யார் பணம் கொடுத்தார், யாரைக் குறிவைத்தார் என்று காட்டவேண்டும் என்ற சட்டம் 2025 அக்டோபர் 10 முதல் அமுலுக்கு வந்தது. அதைக் கண்டதும் பேஸ்புக், கூகிள் கம்பெனிகள் அங்கே அரசியல் விளம்பர வியாபாரத்தையே நிறுத்திக்கொண்டன. விளக்கேற்றி வைத்துக் கடை நடத்து என்றதும் கடையையே சாத்திவிட்டார்கள் என்றால், இத்தனை நாளும் எதை நம்பிக் கடை நடந்தது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நாம் செய்யவேண்டியது

ஆனால் சட்டம் வரும் என்று காத்துக்கொண்டிராமல் நாமே செய்யக்கூடியவை சில உண்டு. "நீ எந்த ராஜா, உன் குணம் என்ன" என்று கேட்டுவரும் விளையாட்டுகளுக்குப் பதில் சொல்லாதீர்கள். 2014-ல் அப்படிச் சொன்ன பதில்கள் சிநேகிதரையும் காட்டிக் கொடுத்தன. தேர்தல் செய்தி ஒன்று உங்கள் கைக்கு வந்தால், அதற்குப் பணம் கொடுத்தவர் யார் என்று முதலில் பாருங்கள். அதைப் படித்தவுடன் பயமோ கோபமோ பொங்கினால், ஒரு இரவு பொறுங்கள். மறுநாள் இந்த வாசகசாலைக்கு வந்து எல்லோர் முன்பாகவும் உரக்கப் படியுங்கள். "உனக்கு என்ன வந்தது?" என்று பக்கத்து வீட்டுக்காரரைக் கேளுங்கள். அவருக்கு வேறொன்று வந்திருந்தால் இரண்டையும் எடுத்துக்கொண்டு அபேட்சகரிடம் போய், "இதில் எது உன் கொள்கை?" என்று கேளுங்கள். காதில் சொன்னதைத் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டால் அந்த வித்தை அதோடு தீர்ந்தது.

கடைசியாக ஒன்று. ஓட்டுப் போட்டு என்ன பிரயோஜனம், எல்லோரும் ஒன்றுதான், வீட்டில் இரு என்று யார் சொன்னாலும், அந்த உபதேசத்தால் லாபம் யாருக்கு என்று கேளுங்கள். உபயோகமில்லாத பொருளாயிருந்தால் உங்கள் ஓட்டை வராமல் தடுக்க ஒருவன் பணம் செலவு செய்யமாட்டான்.

நாம் சொன்னவைகளையும் அப்படியே நம்பவேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்து, உங்கள் அறிவு ஒப்பினால் பிறருக்கும் எடுத்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.